தொலைவா, இருளா?

ஓட்டப்பிடாரத்தைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் புரட்டாசி ஈரத்தை நம்பி விதைத்த உளுந்தும் பாசியும் முளைவிட்டு, கறுத்த மண்ணின்மீது மெல்லிய பச்சைக் கோடுகளாகத் தெரியத் தொடங்கிய ஒரு மாலைப்பொழுதில், எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்து இப்போது கோவில்பட்டியில் கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடை விழாக்களுக்கும் படம் எடுத்துக் கொடுத்து ஜீவனம் நடத்துகிற இளைஞர் ஒருவர், கையில் இரண்டு விளம்பரத் தாள்களோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். “அண்ணாச்சி, இந்த ரெண்டுல எதை வாங்கட்டும்? கடையில ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாக. நீங்க பௌதிகம் படிச்சவுக, நீங்களே சொல்லுங்க” என்றார்.

அவர் நீட்டிய தாள்கள் இரண்டும் கேனான் கம்பெனியின் காமிராக்களைப் பற்றியவை. ஒன்று 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட ஈ.ஓ.எஸ். ஆர் 7, மற்றொன்று 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அறிவிக்கப்பட்ட ஈ.ஓ.எஸ். ஆர் 8. அறிமுகமான காலத்தில் அமெரிக்காவில் இரண்டிற்கும் லென்ஸ் நீங்கலாக ஒரே விலைதான்: 1,499 டாலர். ஒன்றில் பொருந்துகிற லென்ஸ் மற்றொன்றிலும் பொருந்தும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போன்ற இவ்விரண்டிற்கும் உள்ள பெரிய பேதம், உள்ளே ஒளியை ஏற்கிற சென்சாரில் இருக்கிறது. ஆர் 7-இன் சென்சார் 22.3 மில்லிமீட்டர் நீளமும் 14.8 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அதில் 3 கோடியே 25 லட்சம் பிக்சல்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. ஆர் 8-இன் சென்சார் பழைய பிலிம் சுருளின் ஒரு கட்டத்தை ஒத்தது, ஏறக்குறைய 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பில் முன்னதைப்போல் 2.6 மடங்கு பெரியது. ஆயினும் அதில் உள்ள பிக்சல்கள் 2 கோடியே 42 லட்சம்தாம். பிக்சல் மிகுந்ததே மேலானது என்று ஒரு கடைக்காரரும், ‘ஃபுல் ஃபிரேம்’ என்னும் இப்பெரிய சென்சாரை வாங்காதவன் படக்காரனே அல்லன் என்று இன்னொரு கடைக்காரரும் அவரை இரு பக்கமும் இழுத்திருந்தார்கள்.

இவ்விஷயத்தில் தீர்ப்புச் சொல்லப் புகுமுன், ‘மிரர்லெஸ்’ என்று கடைத்தெருவில் வழங்குகிற இந்த ஆடியில்லாக் காமிராவில் இல்லாமற்போன அந்த ஆடி முன்பு எதற்காக இருந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நலம். லென்ஸ் காண்பதையே கண்ணும் காணவேண்டும் என்பது படம் எடுப்போரின் நெடுநாள் ஆசை. பிலிமோ ஒளி பட்டால் கெட்டுவிடும். ஆகவே அதை மூடியே வைத்திருக்க வேண்டும். இதற்கு வழியாக, லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையில் 45 பாகைச் சாய்வில் ஓர் ஆடியை வைத்து, வருகிற ஒளியை மேலே திருப்பி, அங்குள்ள ஐங்கோணப் பட்டகத்தின் வழியே கண்ணுக்கு அனுப்பினார்கள். பொத்தானை அழுத்தியவுடன் ஆடி ‘சடக்’கென்று மேலே ஒதுங்கி ஒளிக்கு வழிவிடும், படம் பதிந்ததும் மீண்டும் கீழே இறங்கும். 1936-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வெளிவந்த கினே எக்ஸாக்டா முதலியவற்றில் படிப்படியாக உருவாகி, 1959-இல் ஜப்பானில் பிறந்த நிக்கான் எஃப் வழியாகப் பெயர் பெற்ற இம்முறை, அரை நூற்றாண்டுக்கு மேல் படக்கலையை ஆண்டது.

பிலிமின் இடத்துக்கு சென்சார் வந்தபோது ஆடியின் தேவை தானே தேய்ந்துவிட்டது. சென்சார் ஒளி பட்டால் கெடுகிற பொருளன்று. ஒரு நொடியில் பலமுறை தான் கண்டதை மின்குறியாக மாற்றிச் சிறு திரைக்கு அனுப்ப அதனால் இயலும். இந்த உண்மையைப் பயன்படுத்தி, லென்ஸ் மாற்றக்கூடிய ஆடியில்லாக் காமிராவாகிய லூமிக்ஸ் ஜி 1-ஐ 2008-இல் பானசோனிக் கம்பெனி வெளியிட்டது. கேனான் தன் ஆர் வரிசையைத் தொடங்கியது 2018-இல். ஆடி போனதால் அது அசைவதற்கு விட்டிருந்த இடமும் மிச்சமாயிற்று. 1987-இல் கேனான் வகுத்த பழைய ஏற்பாட்டில் லென்ஸ் பூட்டுகிற வாயிலிருந்து பிலிம் 44 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. புதிய ஏற்பாட்டில் சென்சார் 20 மில்லிமீட்டரிலேயே இருக்கிறது. காமிராவின் உடல் மெலிந்தது அந்த மிச்சத்தால்தான்.

கரிசல் காட்டுக்காரருக்கு இதில் வேறொரு தனி அனுகூலமும் உண்டு. தன் முன் உள்ள காட்சி, படும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்கைத் திருப்பி அனுப்புகிற நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று எண்ணிக்கொண்டே காமிராவின் ஒளிமானி கணக்குப் போடுகிறது. மழை நனைத்த கரிசலோ பத்துப் பங்கைக்கூடத் திருப்பித் தருவதில்லை. அந்த அப்பாவி யந்திரம், ‘ஐயோ, இவ்வளவு இருட்டா!’ என்று பதறி ஒளியை மிகுதியாக உள்ளே விட, கறுப்பு மண் சாம்பல் நிறமாக வெளிறிப்போவதோடு, அதன்மேல் வெடித்து நிற்கிற பருத்தியின் வெண்மையும் வெறும் வெள்ளைத் திட்டாகி, இழையும் மடிப்பும் இல்லாமல் மாய்ந்துவிடுகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் இதற்கு நேர்மாறாக, வெண்மைக்கு அஞ்சி ஒளியைச் சுருக்கி, உப்பைச் சாம்பலாக்கிக் காட்டும். ஆடிக் காமிராவில் இத்தவற்றைப் படம் எடுத்த பின்னர்தான் அறியலாம். ஆடியில்லாக் காமிராவின் சிறுதிரையிலோ எடுப்பதற்கு முன்பே அது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். இந்த நன்மை ஆர் 7, ஆர் 8 இரண்டிற்கும் பொது. ஆகையால் நம் நிர்ணயத்துக்கு இது உதவாது. பேதம் உள்ள இடத்துக்கே செல்வோம்.

ஒளி என்பது தொடர்ந்து ஒழுகும் ஒரு தாரையாக நமக்குத் தோன்றினாலும், உண்மையில் அது ஃபோட்டான் என்னும் துகள்களாகவே வந்து விழுகிறது. கோடையெல்லாம் காய்ந்து புழுதியாகக் கிடக்கும் காட்டில் முதல் தூறல் விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நாலு துளி விழுந்து நின்றுபோனால், ஒரு சாணில் மூன்று பொட்டும், பக்கத்துச் சாணில் ஒன்றுமே இல்லாமலும் காடு அம்மைத் தழும்பு முகம்போலப் புள்ளி புள்ளியாகக் காணும். அதுவே ஒரு நாழிகை கொட்டித் தீர்த்தால், புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து நிலம் முழுவதும் ஒரே கறுப்பாக நனைந்துவிடும். துளிகள் முறைவைத்து விழுவதில்லை. ஆனால் எண்ணிக்கை பெருகப் பெருக ஏற்றத்தாழ்வு அடங்கிவிடுகிறது. ஒரு பிக்சலில் சராசரி 100 துகள்கள் விழுமானால் ஏற்றத்தாழ்வு 10, அதாவது பத்து சதவிகிதம். 10,000 துகள்கள் விழுமானால் ஏற்றத்தாழ்வு 100, அதாவது ஒரே சதவிகிதம். எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் தடுமாற்றம். இருட்டில் எடுத்த படங்களில் மணல் தூவினாற்போலத் தெரிகிறதே, ‘நாய்ஸ்’ என்று படக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வது, அதன் பெரும்பகுதி காமிராவின் குற்றமன்று, ஒளியின் வறுமை.

அப்படியானால், எந்தக் காமிரா மிகுந்த ஒளியைச் சேகரிக்கும்? பெரிய சென்சார் உடையது என்று உடனே சொல்லத் தோன்றும். அவ்வாறு சொல்வது பாதி உண்மை. மறுபாதியைக் காண, வல்லநாட்டுக்குப் போகவேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில், முட்புதர் மண்டிய ஒரு தனிக் குன்றைச் சூழ்ந்து, 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பரப்பில் அமைந்திருக்கிறது வல்லநாடு வெளிமான் சரணாலயம். வெளிமான் தோள்மட்டத்துக்கு 80 சென்டிமீட்டர் உயரமுள்ளது. முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் வெளுத்த வயிறும் உடைய கலை ஒன்று நமக்கு 100 மீட்டர் தொலைவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மனிதனைக் கண்டால் பாய்ந்தோடும் பிராணியாதலால் அதற்குமேல் நெருங்குவது அரிது. நெருங்குவது முறையும் அன்று. 400 மில்லிமீட்டர் குவிதூரமுள்ள லென்ஸ் ஒன்றை இரண்டு காமிராக்களிலும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தால், மானின் பிம்பம் சென்சாரின்மேல் எவ்வளவு உயரம் விழும்? 100 மீட்டரில் 400 மில்லிமீட்டர் என்பது 250-இல் ஒரு பங்கு; ஆகவே 80 சென்டிமீட்டர் மான் 3.2 மில்லிமீட்டர் பிம்பமாகும். சென்சார் சிறிதானாலும் பெரிதானாலும் பிம்பத்தின் அளவு மாறாது. ஏனெனில் பிம்பத்தை ஆக்குவது லென்ஸ். பெரிய சென்சாரில் மானைச் சுற்றிலும் விளாமரமும் வெற்று வானமும் மிகுதியாக விழும், அவ்வளவே.

இனிப் பிக்சல் கணக்கு. ஆர் 7-இன் ஒரு பிக்சல் 3.2 மைக்ரான் அகலம். ஆகவே அந்த 3.2 மில்லிமீட்டர் மான் சரியாக 1,000 பிக்சல் உயரம் பெறுகிறது. ஆர் 8-இன் பிக்சல் 6 மைக்ரான். அதே மான் அங்கே 533 பிக்சல்தான். மானின்மேல் பட்டு லென்ஸுக்குள் புகுந்த ஒளியோ இரண்டிலும் ஒன்றே. ஒரே மூட்டை நெல்லை ஆயிரம் கொட்டானில் பகிர்ந்தாலும் ஐந்நூறு மரக்காலில் பகிர்ந்தாலும் மூட்டை ஒன்றுதானே! ஒவ்வொரு பிக்சலும் பெறுவது ஆர் 7-இல் குறைவாயினும், மானை மாத்திரம் வெட்டியெடுத்து இரண்டு படங்களையும் ஒரே அளவில் அச்சிட்டால், மணல் தூவல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, கொம்பின் முறுக்கும் கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையமும் ஆர் 7-இன் படத்தில்தான் தெளிவாகத் தெரியும். தொலைவே நமக்குப் பகையாக நிற்கும்போது, பெரிய சென்சாரின் மிகுதிப் பரப்பு உழாத தரிசு.

ஆனால் ஆயிரத்துக்கு ஐந்நூறு என்றவுடன் தெளிவும் இரட்டித்துவிடும் என்று எண்ணுவது தவறு. இந்த இளைஞரைப் போன்றோர் வாங்கத்தக்க 100-400 லென்ஸ், அதன் நீண்ட முனையில் எஃப்/8 திறப்பே, அதாவது குவிதூரத்தில் எட்டில் ஒரு பங்கு அகலமுள்ள வாசலே, உடையது. சிறு திறப்பின் வழியே செல்லும் ஒளி விளிம்பில் வளைந்து, ஒரு புள்ளியைப் புள்ளியாக விடாமல் சிறு வட்டமாகப் பரப்பிவிடுகிறது. பௌதிக நூல்கள் இதை விளிம்பு விளைவு என்று கூறும். எஃப்/8-இல் அவ்வட்டத்தின் அகலம் ஏறக்குறைய 11 மைக்ரான். ஆர் 7-இல் அது மூன்று பிக்சலுக்குமேல் கவிந்துவிடும். ஆர் 8-இல் இரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். ஆகவே ஆர் 7-க்குத் தெளிவில் முதலிடம் உண்டென்றாலும், தாளில் அச்சிட்ட அளவுக்கு அந்த வித்தியாசம் கண்ணில் நிற்பதில்லை.

இதற்கும் மேலான பகை ஒன்று கரிசல் மண்ணிலேயே இருக்கிறது. வெயிலை விழுங்கி விழுங்கிச் சூடேறிய கறுத்த நிலம், தன்மேல் படிந்த காற்றைச் சுடவைக்க, அது இலேசாகி மேலே எழ, குளிர்ந்த காற்று அதனிடத்தில் புக, இவ்விதம் கலங்குகிற காற்றின் ஒவ்வொரு சுருளும் ஒளியைச் சற்றுச் சற்றுத் திசைதிருப்புகிறது. நம் முன்னோர் பேய்த்தேர் என்று பெயரிட்ட கானல் இதுவே. வடமொழியார் இதை மிருக திருஷ்ணை, அதாவது மானின் தாகம், என்றனர். மானை ஏய்த்த கானல் மானைப் படமெடுக்க வந்தவனையும் ஏய்க்கிறது. பகல் பத்து மணிக்குமேல் 100 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானை எந்த விலையுள்ள காமிராவால் எடுத்தாலும், அது ஓடை நீரின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப்போல நெளிந்துதான் காணும். பொழுது விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், அதிலும் மார்கழி, தை மாதக் காலைகளில், நிலமும் காற்றும் ஒரே குளிர்ச்சியில் இருக்கும்போது எடுத்தவனுக்கே ஆயிரம் பிக்சலும் பயன்படும். அந்த மாதங்களில் வடக்கேயிருந்து இக்காட்டுக்கு வலசை வரும் பூனைப் பருந்துகளை எடுப்பவர்களுக்கும் விதி இதுவே.

இப்போது காட்சி மாறட்டும். ஊர்க்கொடையில் நள்ளிரவு, வில்லுப்பாட்டு உச்சத்துக்கு வந்திருக்கிறது, மாடன் கோயில் முன்றிலில் தீவட்டி ஏந்திச் சாமியாடி குதித்து வருகிறார். அல்லது ஓட்டப்பிடாரத்துக்கு அடுத்த பாஞ்சாலங்குறிச்சியில், வீரசக்கதேவி கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்காக ஊர் ஊராக இளைஞர்கள் ஏந்தி ஓடி வரும் ஜோதி. இங்கே தொலைவு பகையன்று. பத்துப் பதினைந்து அடியில் நிற்கிறோம். பகை இருள். சாமியாடியின் முழு உருவமும் படத்தை நிறைக்கும்படி ஆர் 8-இல் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பூட்டுகிறோம் என்றால், அதே காட்சி ஆர் 7-இன் சிறிய சென்சாரில் அடங்குவதற்கு 31 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். இரண்டும் எஃப்/1.8 திறப்புடையவை என்றே வைத்துக்கொண்டாலும், 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் லென்ஸின் வாசல் 28 மில்லிமீட்டர் அகலம். 31-ஐ வகுத்தால் 17 மில்லிமீட்டர்தான். அகன்ற வாசலில் புகும் ஒளி 2.6 மடங்குக்கும் சற்று மேல். மணல் தூவல் அதன் வர்க்கமூலப்படி, 1.6 மடங்கு அடங்கும்.

கவனித்தால், மானிடத்தும் மாடனிடத்தும் வேலை செய்கிற சூட்சுமம் ஒன்றே என்பது விளங்கும். ஒளியைச் சேர்ப்பது சென்சாரன்று, லென்ஸின் வாசல். மானை எடுக்கும்போது இரண்டு காமிராவிலும் வாசல் ஒன்று; ஆகவே ஒளியும் ஒன்று. மாடனை எடுக்கும்போது பெரிய சென்சார் நமக்கு அகன்ற வாசலுடைய லென்ஸைப் பூட்ட இடங்கொடுக்கிறது. ஆகவே ஒளி மிகுகிறது. இதிலிருந்து இன்னொரு உண்மையும் பிறக்கிறது. எஃப்/8-ஐ விட்டு எஃப்/1.8-க்குப் போனால் பிம்பத்தில் விழும் ஒளி ஏறக்குறைய 20 மடங்கு பெருகும். சிறிய சென்சாரை விட்டுப் பெரிய சென்சாருக்குப் போனால் 2.6 மடங்கு. கையிலுள்ள பணம் முழுவதையும் காமிராவின் உடலில் கொட்டிவிட்டு, அதனோடு கிடைத்த மலிவு லென்ஸோடு கொடைக்குப் போகிறவன், அகலக் கதவு வாங்கிக் குறுகிய நிலையில் மாட்டியவனை ஒப்பான்.

ஆர் 7-இன் அனுகூலங்களில் முக்கியமான ஒன்று, அதன் சென்சார் காந்த விசையால் மிதந்து, கை நடுக்கத்துக்கு எதிர்த்திசையில் அசைந்து கொடுக்கும் ஏற்பாடு. ஆர் 8-இல் இது இல்லை. லென்ஸிலேயே நடுக்கத்தை அடக்கும் வசதி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கழுகுமலையில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமலே நின்றுபோன வெட்டுவான் கோவிலின் சிற்பங்களை அந்தி மங்கலில் எடுக்கிறோம் என்றால், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அசையாத அந்தக் கல் இன்னும் அரை நொடி அசையாமல் நிற்கும். நம் கைதான் அசையும். அங்கே ஆர் 7-இன் ஏற்பாடு பேருதவி. சாமியாடியிடம் அது செல்லாது. அசைவது அவர், அவரை நிறுத்த வேண்டுமானால் நொடியில் 250-இல் ஒரு பங்குக்குள் ஷட்டர் மூடியாக வேண்டும், அவ்வளவு குறுகிய நேரத்தில் கை நடுக்கம் ஒரு பொருட்டல்ல.

ஷட்டரைப் பற்றியும் ஒரு சொல். இப்புதிய காமிராக்கள் ஓசையே இல்லாமல் மின்முறையில் படம் எடுக்க வல்லவை. ஆர் 7 நொடிக்கு 30 படமும் ஆர் 8 நொடிக்கு 40 படமும் எடுக்கும். ஆனால் மின்முறையில் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் படிக்கப்படுவதில்லை; பருத்தி எடுக்கிற பெண்கள் நிரை நிரையாகச் செல்வதுபோல, மேல் வரிசையில் தொடங்கிக் கீழ் வரிசை வரை வந்து முடிகிறது. ஆர் 7-க்கு இதற்கு ஏறக்குறைய நொடியில் முப்பதில் ஒரு பங்கு ஆகிறது. ஆர் 8-க்கு அதில் பாதி. கயத்தாற்றுப் பக்கத்தில் ஆடிக் காற்றுக்குச் சுழலும் காற்றாலையின் இறக்கை நுனி நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், ஆர் 7 ஒரு படத்தைப் படித்து முடிப்பதற்குள் அது 2 மீட்டர் நகர்ந்துவிடும்; படத்தில் இரும்புபோன்ற இறக்கை வாழை மட்டைபோல வளைந்து காணும். பறக்கும் பருந்தின் சிறகுக்கும் இதே கதி. கொடைப் பந்தலில் தொங்கும் சீரியல் விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குவதால், மின்முறையில் எடுத்த படத்தில் பட்டை பட்டையாக இருளும் ஒளியும் விழுவதும் உண்டு. இவற்றைத் தவிர்க்க யந்திர ஷட்டருக்குத் திரும்பினால், ஆர் 7 நொடிக்கு 15 படம் தருகிறது. ஆர் 8-இல் முழு யந்திர ஷட்டர் கிடையாது, முதல் திரை மின்முறையிலும் இரண்டாம் திரை யந்திரமாகவும் இயங்கி, நொடிக்கு 6 படத்தோடு நின்றுவிடுகிறது. பருந்துக்கு 15 வேண்டும். மாலை மாற்றும் மணமக்களுக்கு 6 தாராளம்.

குவியம் பிடிப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஒவ்வொரு பிக்சலையும் இடம் வலமென இரண்டாகப் பகுத்து, இரண்டு கண்களால் தூரம் அறிவதுபோல, இரு பகுதிகளும் காணும் பிம்பத்தின் விலகலைக்கொண்டு லென்ஸை எப்பக்கம் எவ்வளவு நகர்த்துவது என்று கணிக்கின்றன. நாய், பூனை, பறவை ஆகியவற்றின் கண்ணைத் தேடிப் பிடிக்கப் பழக்கப்பட்டிருப்பதாகக் கம்பெனியார் சொல்கிற பட்டியலில் வெளிமானின் பெயரைக் காணோம்.

ஜீவனத்துக்காகப் படம் எடுப்பவர் பௌதிகத்தோடு நிற்க முடியாது. ஆர் 7-இல் இரண்டு மெமரி கார்டுகள் போடலாம். ஒன்று பழுதானாலும் மற்றொன்றில் படம் இருக்கும். ஆர் 8-இல் ஒன்றுதான். தாலி கட்டுவதை மறுபடியும் கட்டச் சொல்ல முடியாது என்பதை நினைத்தால் இக்குறை சிறிதன்று. ஆர் 7-இன் பாட்டரி 2,130 மில்லி ஆம்பியர்-மணி. ஆர் 8-இனுடையது 1,040, ஏறக்குறைய பாதி. விடிய விடிய நடக்கும் கொடைக்கு மடியில் மூன்று பாட்டரியாவது இருக்கவேண்டும். எடையில் ஆர் 7, பாட்டரியும் கார்டும் சேர்த்து, 612 கிராம். ஆர் 8-ஓ 461 கிராம். இரண்டிற்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை: லென்ஸைக் கழற்றினால் முன்பு ஆடி மறைத்திருந்த இடத்தில் இப்போது சென்சார் விரல் தொடும் ஆழத்தில் திறந்து கிடக்கிறது. மாவினும் நுண்ணிய கரிசல் புழுதி பறக்கிற ஆனி, ஆடிக் காற்றில், வயல் வரப்பில் நின்று லென்ஸ் மாற்றுவதுபோன்ற அறியாமை வேறில்லை. எந்த லென்ஸ் வேண்டுமோ அதை வீட்டிலேயே பூட்டிக்கொண்டு புறப்பட வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர், “அப்போ எதைத்தான் வாங்க, அண்ணாச்சி?” என்று மீண்டும் முதற்கேள்விக்கே வந்தார். “தம்பி, அதுக்குப் பதில் என்கிட்ட இல்லை, உன் வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கு” என்றேன்.

அது வெறும் பேச்சன்று. எடுத்த ஒவ்வொரு படத்தினுள்ளும், எந்தக் குவிதூரம், என்ன திறப்பு, எவ்வளவு ஷட்டர் வேகம், ஒளி குறையக் குறைய ஏற்றிக்கொள்கிற உணர்திறன் எண்ணாகிய ஐ.எஸ்.ஓ. என்ன என்பதையெல்லாம் காமிரா கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைத்திருக்கிறது. கடந்த ஓர் ஆண்டில் தாம் எடுத்த படங்களில், தமக்கும் பிறருக்கும் பிடித்தவற்றை மாத்திரம் பொறுக்கியெடுத்து, அந்தக் குறிப்புகளைப் பார்த்துவரச் சொன்னேன். குவிதூரம் லென்ஸின் நீண்ட முனையிலேயே முட்டிக்கொண்டு நின்று, பின்னரும் படத்தை வெட்டிப் பெரிதாக்கியிருந்தால், அவருக்குப் பகை தொலைவு. ஆர் 7 வாங்கவேண்டும். குவிதூரம் நடுவில் நின்று, ஐ.எஸ்.ஓ. 3,200, 6,400 என்று ஏறிக்கொண்டே போயிருந்தால், அவருக்குப் பகை இருள். ஆர் 8-உம் அகன்ற வாசலுள்ள லென்ஸும் வாங்கவேண்டும். இரண்டும் இல்லாமல், வெளிச்சத்தில் அருகிலிருந்து எடுத்த படங்களே மிகுந்திருந்தால், இப்போதுள்ள காமிராவே போதும், பணத்தை மிச்சப்படுத்தலாம்.

நாலு நாள் கழித்து அவர் வந்தார். வல்லநாட்டுக்குப் போய் வந்தது ஆண்டில் இரண்டே தடவை, பொறுக்கிய படங்களில் பெரும்பாலானவை கொடைப் பந்தலிலும் கல்யாண மண்டபத்திலும் இரவில் எடுத்தவை, ஐ.எஸ்.ஓ. எல்லாம் ஆயிரங்களில். மானின்மேல் ஆசை இருந்ததே தவிர, சோறு போட்டது மாடன்தான் என்பதை அவர் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். ஆர் 8-ஐயும், அதற்கு 160 கிராமே எடையுள்ள 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸையும், உபரியாக இரண்டு பாட்டரிகளையும் எழுதிக் கொடுத்தேன். கார்டு ஒன்றே என்ற குறைக்கு, சடங்கு ஒவ்வொன்றும் முடிந்தவுடன் படங்களை மடிக்கணினிக்கு மாற்றிவிடுவது என்று அவரே ஒரு வழி கண்டார்.

காமிரா வாங்க நினைக்கிற அன்பர்கள், கடைக்குப் போகுமுன் தம் பழைய படங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் சொல்லாத ஒன்றை அவை சொல்லும்.